யாராவது அணைப்பாவ

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோமதி அக்காவின் எண்ணிலிருந்து செய்தி வந்தால் அதில் என்ன இருக்கும் என்று நம் குழுவில் எல்லோருக்கும் தெரியும். "பாய் மறக்காதீங்க. வயிறு முட்டத் தின்னுட்டு வராதீங்க." சில வாரம் தமிழில் இருக்கும், சில வாரம் தெலுங்கில். சென்ற மாதம் அப்படி ஒரு காலையில், இட்லித் தட்டில் மாவை ஊற்றிக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. திரையில் அவர் பெயர். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார், பாயை எடுத்துவைக்கச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு படித்தேன். "அக்கா இன்னைக்கு விடியக்காலம் போயிட்டா. தூக்கத்துலயே. நான் தங்கச்சி பார்வதி."

அதற்குக் கீழே அடுத்த நிமிடமே ஒரு பதில் வந்து விழுந்தது. "ஹவ் மேடம், ஆரௌன்." சரி மேடம், வருகிறேன் என்று. எழுதியவர் ரஹீம் பாய். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அக்காவின் பெயரைப் பார்த்தார், ஞாயிற்றுக்கிழமை என்று பார்த்தார், எப்போதும் எழுதும் பதிலை எழுதிவிட்டார். குழுவில் யாரும் அதன்பின் ஒன்றும் எழுதவில்லை. நான்தான் அவரைக் கூப்பிட்டேன். அவர் பாயைச் சுருட்டி ஷேர் ஆட்டோவில் ஏறியிருந்தார். சொன்னேன். "ஃபிர்பி ஆத்தௌன் ஜி," என்றார். இருந்தாலும் வருகிறேன்.

கோமதி அக்காவை அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். அவர் பாடகர் இல்லை, யோகா ஆசிரியர் இல்லை, மருத்துவரும் இல்லை. செகந்திராபாத்தை ஒட்டிய குஷாய்குடாவில் இருக்கும் பெரிய மின்னணுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பா அம்பாசமுத்திரத்துப் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்தவர். அக்கா வளர்ந்ததெல்லாம் இந்த ஊரில்தான். ஆனால் வீட்டுத் தமிழ் அப்படியே நெல்லைத் தமிழ். அதில் தெலுங்கும் இந்த ஊர் உருதுவான தக்கனியும் தாராளமாகக் கலந்திருக்கும். ஞாயிறுதோறும் தன் வீட்டு முன்னறையில் சோபாவை ஓரம் தள்ளிவிட்டு, வாத்தியம் வாசிக்கிறவர்களையும் வாசிக்காதவர்களையும் பாயில் படுக்கவைத்து, உடம்பைத் தளர்த்தக் கற்றுக்கொடுத்தார். கட்டணம் கிடையாது. படுத்து எழுந்தவர்களுக்கு ஒரு டம்ளர் சுக்குக் காப்பி உண்டு.

எனக்கு அவர் முதலில் மாணவி. உப்பலில் என் வீட்டில் நான் வீணை சொல்லித் தருகிறேன். ஒருநாள் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"இந்த வயசுல வந்தா சேத்துக்கிடுவியளா? முன்கூட்டியே சொல்லிருதேன், எனக்கு சுதி ஞானம் சுத்தமா கெடையாது."

அது அவையடக்கம் என்று நினைத்துச் சேர்த்துக்கொண்டேன். அவையடக்கம் இல்லை. சரளி வரிசையைத் தாண்டி அவர் ஜண்டை வரிசைக்குப் போனதே பெரிய பயணம். தந்தியின் சுருதி கலைந்திருந்தால் அவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு வகுப்பையும் விட்டதில்லை. என்னைவிட வயதில் எவ்வளவோ மூத்தவர், கடைசிவரை என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். நான் அவரை அக்கா என்றேன். யார் யாருக்கு மரியாதை கொடுப்பது என்று எங்களுக்குள் குழப்பம் வந்ததே இல்லை.

ஒருநாள் வகுப்பில், ஒரு சங்கதியை எப்படி இழுத்து வாசிப்பது என்று காட்டிக்கொண்டிருந்தேன். மாணவர்கள் பொதுவாக என் விரலைப் பார்ப்பார்கள். அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா? கோவப்படக் கூடாது."

"கேளுங்கக்கா."

"நீங்க வீண வாசிக்கியளா, இல்ல அதுகூட சண்ட போடுதியளா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் எழுந்து வந்து என் இடது தோளை ஒற்றை விரலால் தொட்டார். "பாருங்க, காதுக்கிட்ட வந்துட்டு. எனக்கு சுதி கேக்காது டீச்சர். தோள் போடுத சத்தம் நல்லா கேக்கும்."

அவருக்கு முன் அதை யாரும் பார்க்கவில்லை. என் கணவர் பார்க்கவில்லை. மேடையில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர்களும் பார்க்கவில்லை. பல மாதங்களாகவே என் இடது கை என் சொல்லைக் கேட்காமலிருந்தது. கமகத்துக்காகத் தந்தியை இழுக்கும்போது நடுவிரல் தானாக உள்ளே சுருண்டுகொள்ளும். துரித காலம் வந்தால் முன்கை முழுவதும் கட்டையாகிவிடும். எலும்பு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து எலும்பில் ஒன்றுமில்லை, ஓய்வு கொடுங்கள் என்றார். ஓய்வு கொடுத்தேன். திரும்ப எடுத்தால் விரல் முன்பைவிட வேகமாகச் சுருண்டது. அழைத்த கச்சேரிகளை மகளின் பரீட்சை என்று சொல்லித் தவிர்த்தேன். மகளுக்கு அப்போது பரீட்சையே இல்லை. எலும்பில் ஒன்றுமில்லை என்றால் என்னிடம்தான் ஏதோ கோளாறு என்று எனக்குள் ஒரு பயம். சின்ன வயதிலிருந்து நான் யார் என்று கேட்டால் வீணை வாசிக்கிறவள் என்பதுதான் என் பதில். அதை எடுத்துவிட்டால் சொல்ல வேறு பதில் என்னிடம் இல்லை.

இதையெல்லாம் அன்று அவரிடம் சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்க. ஒரு பாய் கொண்டாங்க," என்றார்.

அந்த முதல் ஞாயிறு நடந்ததைச் சொன்னால் நம் குழுவில் இப்போதும் சிரிப்பார்கள். முன்னறையில் வரிசையாகப் பாய்கள். மிருதங்கம் வாசிக்கும் ஸ்ரீனிவாஸ் காரு சுவரோரம் பெரிய வயிறு ஏறி இறங்கப் படுத்திருந்தார். மற்றவர்களை எனக்குத் தெரியாது. பெரும்பாலோர் தெலுங்குக்காரர்கள் என்பதால் அக்கா தெலுங்கிலேயே நடத்தினார். ஓரத்தில் ஒரு மர நாற்காலி. அதில் உட்கார்ந்தால் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். அதில் இருந்துகொண்டு, அவசரமே இல்லாத குரலில் சொல்வார். காலை இறுக்கு, பிடி, இப்போது விடு. தொடை. வயிறு. தாடை. நாக்கு. ஒவ்வோர் இடமாக முதலில் இறுக்கச் சொல்லி, அப்புறம் விடச் சொல்லி, கடைசியில் இறுக்காமலே விடச் சொல்லுவார். அப்போது அந்த இடத்தின் பெயர் மட்டும்தான் வரும். பெயரைக் கேட்டதும் அது தானாகத் தளர வேண்டும்.

"எடம செய்யி," என்றார். நிறுத்தினார். "செய்யி..."

இடது கை என்று பொருள். எனக்குத் தெரியாத சொல் இல்லை. இந்த ஊர்க் காய்கறிக் கடையில் பேரம் பேசுகிறவள் நான். ஆனால் கண்ணை மூடியதும் என் காது நான் பிறந்து வளர்ந்த திருச்சிக்குப் போய்விட்டது போலிருக்கிறது. செய், செய் என்றுதான் கேட்டது. என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. தெரியாததால் இன்னும் தீவிரமாகச் செய்தேன். விரல்களை விறைத்து நீட்டினேன், மடக்கினேன், முஷ்டியைப் பிடித்தேன். நாற்காலி கிறீச்சிட்டது. என் பாயருகே வந்து குந்தினார்.

"டீச்சர், என்ன செய்யுதிய?"

"நீங்கதானே செய்யி செய்யின்னு சொல்றீங்க!"

அக்கா தரையில் உட்கார்ந்தே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். ஸ்ரீனிவாஸ் காருவுக்கு அவர் தெலுங்கில் விளக்கியதும் சுவரோர வயிறும் குலுங்கியது.

"செய்யின்னா கை தாயி! கையின்னு சொன்னேன்."

"செய்யின்னா செய்யறதும்தானே?"

"ரெண்டுக்கும் ஒரே வார்த்ததான். அதான் இந்த ஊர்ல ஒருத்தர் கையும் சும்மா கெடக்க மாட்டேங்கு." சிரிப்பு அடங்கியபின் என் முஷ்டியைப் பார்த்தார். பிரித்துவிட முயலவில்லை. அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்தார், அவ்வளவுதான். "உங்க கைக்கும் இதான் வியாதின்னு நெனக்கேன். அதக் கூப்ட்டாலே வேல வந்துட்டுன்னு எந்திரிச்சு நிக்கி. கொஞ்ச நேரம் வெறும் கையா இருக்கட்டும்."

நான் அழுதேன். மற்றவர்கள் கண்ணை மூடிப் படுத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

இதை அவர் எங்கே கற்றார் என்று பின்னாளில் கேட்டேன். தொழிற்சாலையில் நாள் முழுக்க உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பற்றவைப்புகளைச் சரிபார்க்கிற வேலை. கழுத்து பிடித்துக்கொண்டு அவர் பிரிவில் பாதிப் பேர் மருந்தகத்தில் நின்றார்களாம். அங்கிருந்த மருத்துவர் அம்மா ஒருவர் மாத்திரை கொடுத்துச் சலித்துப்போய், உணவு இடைவேளையில் எல்லோரையும் நாற்காலியில் உட்காரவைத்து, இறுக்கித் தளர்த்தும் இந்தப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். பிரிவில் மற்றவர்கள் சில வாரத்தில் விட்டுவிட்டார்கள். அக்கா விடவில்லை. அவர் அம்மாவுக்கு மூச்சிரைப்பு இருந்தது. இதே பயிற்சியை அம்மாவுக்கு வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லித் தூங்கவைத்திருக்கிறார். அம்மா போனபின் யாருக்குச் சொல்வது என்று தெரியாமல்தான் ஊரைக் கூட்டியிருக்கிறார். வீணை கற்க வந்ததும் அந்த நாட்களில்தான். "வீடு ரொம்ப அமைதியா இருந்துச்சு டீச்சர். ஏதாவது ஒரு சத்தம் வேணும்னு வந்தேன். நான் வாசிச்சா அது சத்தம்தான, சங்கீதமா?"

வாசிப்பவர்களிடம் அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் இப்படித்தான் இருக்கும். ஸ்ரீனிவாஸ் காருவிடம், மிருதங்கத்தைக் கையால்தானே வாசிக்கிறீர்கள், பல்லை ஏன் கடிக்கிறீர்கள் என்று கேட்டார். அதுவரை தான் பல்லைக் கடிப்பது அவருக்கே தெரியாது. ரஹீம் பாய் கதை வேறு. பட்டான்செருவில் மருந்துத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, விடுமுறை நாளில் கவ்வாலிக் குழுவில் ஹார்மோனியம். ஷிஃப்ட் முடித்து, நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்து, பாயில் படுத்த மாத்திரத்தில் குறட்டை விடுவார்.

"ரஹீம் பாய், சோனா நக்கோ!" தூங்கக் கூடாது என்று அக்கா அதட்டுவார்.

"நை சோரௌன் மேடம், ஆங்கா பந்த் கரா பஸ்." தூங்கவில்லை மேடம், கண்ணைத்தான் மூடினேன். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த குறட்டை.

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். "விடுங்க, பாவம். பாய்க்கு நான் எதுக்கு? பாய் போதும்."

வீட்டைவிட்டு யாரும் வெளியே வரக்கூடாது என்றிருந்த அந்த மாதங்களில் ஞாயிறுகள் நின்றுபோயின. அக்கா பயிற்சி முழுவதையும் தன் கைப்பேசியில் பேசிப் பதிவுசெய்து குழுவில் அனுப்பினார். பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். தாடையிலிருந்து தோளுக்கு வருகிற இடத்தில் அவர் வீட்டுக் குக்கர் விசிலடிக்கிறது. கேட்டுக்கொண்டு படுத்திருக்கும் நமக்குத் திடுக்கிடும். சமையலறைக்கு ஓட உடம்பு தயாராகும். அக்கா தன் வீட்டுத் தமிழில் சொல்கிறார்: "அது குக்கரு. உங்க வேல இல்ல. யாராவது அணைப்பாவ."

மறுநாள் குழுவில் ஸ்ரீனிவாஸ் காரு ஒரு சந்தேகம் கேட்டார். 'அணைப்பாவ' என்றால் என்ன என்று மகனிடம் கேட்டிருக்கிறார். மகன் கைப்பேசியில் தேடிச் சொல்லியிருக்கிறான். "குக்கர் கூஸ்தே எவரோ ஒச்சி எந்துக்கு கௌகிலிஞ்சுகுண்டாரு அக்கா?" குக்கர் கூவினால் யாரோ வந்து எதற்குக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள்?

அடுப்பை அணைப்பதும் ஆளை அணைப்பதும் தமிழில் ஒரே சொல்தான் என்று நான் விளக்கம் எழுதத் தொடங்கினேன். அதற்குள் அக்காவின் பதில் வந்துவிட்டது. "அதுவும்தான்."

அதிலிருந்து அது நம் குழுவின் சொல்லாகிவிட்டது. பேருந்து தாமதமானால், மின்சாரம் போனால், மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை என்றால் யாராவது ஒருவர் 'அணைப்பாவ' என்று எழுதுவார். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாத ரஹீம் பாய் குரல் செய்தியில் சொல்வார், 'அனைப்பாவா' என்று கடைசியை நீட்டி.

என் கை மந்திரம் போட்டதுபோல் சரியாகவில்லை. அக்கா அப்படி எதையும் வாக்குக் கொடுக்கவும் இல்லை. "இது மருந்து இல்ல டீச்சர். வைத்தியர்ட்டயும் போங்க," என்பார். வகுப்பு முடிந்ததும் என்னை வீணையோடு உட்காரவைப்பார். இடது கையை வீணையின் மெட்டுகள்மேல் வைக்கச் சொல்வார். வாசிக்கக் கூடாது. அவர் "செய்யி" என்பார், நான் அதைக் கையாக மட்டும் வைத்திருக்க வேண்டும். சில வாரம் வெறுமனே அவ்வளவுதான். பிறகு ஒரு ஸ்வரம். பிறகு இரண்டு. விரல் சுருண்டால் நிறுத்திவிட்டு மடியில் வைக்க வேண்டும். குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடத்தை நான் என்னிடமே கற்றேன். பல ராகங்களை அவ்வளவு மெதுவாக நான் அதற்குமுன் கேட்டதே இல்லை.

திரும்ப மேடையேறியது செகந்திராபாத்தில் ஒரு சிறிய மண்டபத்தில். வர்ணம் நன்றாகவே போயிற்று. பிரதான உருப்படியில் கால்வாசிக்கு வந்தபோது நடுவிரல் உள்ளே வளையத் தொடங்குவதை உணர்ந்தேன். தோள் ஏறியது. முன் வரிசையில் அக்கா இருந்தார். எனக்காக வேண்டிக்கொள்ளவில்லை, தலையாட்டவில்லை. தன் இடது கையைத் தூக்கி, உள்ளங்கை மேலே பார்க்க, மடியில் போட்டார். அவ்வளவுதான். ஒரு மீட்டலை நீளவிட்டுவிட்டு நானும் என் கையை மடியில் போட்டேன். ஸ்ரீனிவாஸ் காரு என்னைப் பார்த்துப் புரிந்துகொண்டு, மிருதங்கத்தில் மெல்ல அந்த இடைவெளியை நிரப்பினார். மறுபடி எடுத்தபோது கை வந்தது. துரித காலப் பகுதியை விட்டுவிட்டேன். யாரும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "நல்லா இருந்துச்சு டீச்சர். ரொம்ப நல்லா இருந்துச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "அது என்ன ராகம்?" என்றார்.

கல்யாணி. அந்த ராகத்தில் ஒரு கீதத்தை நான் அவருக்கு இரண்டு வருடமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நோய் வந்தது சென்ற ஆண்டு. வயிற்றில். கண்டுபிடித்தபோதே தாமதமாகியிருந்தது. சிகிச்சைக்கு நடுவிலும் ஞாயிறுகளை நிறுத்தவில்லை. பேச முடியாத வாரங்களில் பழைய பதிவை ஓடவிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பிறகு மருத்துவமனை. ஊரிலிருந்து பார்வதி வந்து கூட இருந்தார். பிற்பகல்களில் பார்வதி வீட்டுக்குப் போய்க் குளித்து வரும்வரை நான் போய் உட்காருவேன்.

ஒரு பிற்பகல், வலிக்கு மருந்து கொடுத்தும் தூக்கம் வரவில்லை என்றார். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. எனக்கு ஒன்றுதான் தோன்றியது. என் கைப்பேசியில் இருந்த அவர் பதிவை எடுத்து, செவியில் மாட்டும் கருவியின் ஒரு முனையை அவர் காதிலும் மறு முனையை என் காதிலும் வைத்தேன். கொஞ்ச நேரம் கேட்டார். குக்கர் விசில் வந்தது. யாராவது அணைப்பாவ என்றது குரல். அக்கா கண்ணைத் திறந்து சிரித்தார்.

"இந்தப் பொம்பள நல்லாத்தான் சொல்லுதா. என்ன, அவளுக்குத்தான் வராது."

"என்னக்கா சொல்றீங்க?"

"நான் ஒருநாளும் படுத்ததில்ல டீச்சர். கவனிச்சதில்லையா?"

இல்லை. நாங்கள் கண்ணை மூடியிருந்தோம்.

"ஒருத்தர் முழிச்சிருக்கணும்லா? அம்மாவுக்கு மூச்சு இழுக்கும். விடும்மா, விடும்மான்னு சொல்லிட்டே இருப்பேன். அவ தூங்கிருவா. நானும் கண்ண மூடிட்டா அவ மூச்ச யாரு பாக்கது?" சொல்லிவிட்டு, களைத்துப்போய் நிறுத்தினார். "அப்படியே பழகிட்டு."

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. குக்கரை யாராவது அணைப்பார்கள் என்று சொன்ன அந்தக் குரலுக்குப் பின்னால், மெல்லியதாக ஒரு கிறீச். பிறகு செருப்பில்லாத காலடி. அப்புறம் அடுப்புத் திருகு 'டக்' என்று திரும்பும் சத்தம். எத்தனையோ தடவை கேட்ட பதிவு. அன்றுதான் அதைக் கேட்டேன். அந்த யாராவது, அவர்தான். அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

கருவியைக் கழற்றினேன். நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டேன். "இன்னைக்கு நான் சொல்றேன். நீங்க படுங்க."

"படுத்துத்தான கெடக்கேன்."

"இல்லக்கா. உங்க தலை தலையணைல படவே இல்லை பாருங்க. கழுத்து தூக்கிப் பிடிச்சிட்டிருக்கு."

என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "ஏளா, கண்டுபிடிச்சிட்டியே," என்றார். அவர் என்னை டீச்சர் என்று சொல்லாமல், தங்கையைக் கூப்பிடுவதுபோல் ஏளா என்று கூப்பிட்டது அந்த ஒருமுறைதான்.

பாதம், முழங்கால் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் குரலின் நிதானம் எனக்கு வரவில்லை. இறுக்கச் சொல்லும் தெம்பும் அவரிடம் இல்லை, அதனால் பெயரை மட்டும் சொன்னேன். "வலது கை," என்றேன். ஊசி குத்தி ஒட்டுப்போட்டிருந்த கை. அது போர்வையின் ஓரத்தைப் பிடித்திருந்தது.

"அப்படி இல்ல," என்றார் கண்ணைத் திறக்காமல். "நம்ம பாஷைல சொல்லுங்க."

"செய்யி," என்றேன். "செய்யி..."

போர்வையிலிருந்து ஒவ்வொரு விரலாக விட்டது. அப்போது சொட்டு மருந்து ஏற்றும் இயந்திரம் கீ கீ என்று கத்தத் தொடங்கியது. அக்காவின் உடம்பு முழுக்க விழித்துக்கொண்டது. அழைப்பு மணியைத் தேடிக் கை துழாவியது.

"அது உங்க வேலை இல்லக்கா," என்றேன். அதற்கடுத்த வார்த்தைகள் என் திருச்சி நாக்கில் அவர் ஊர்ப் பேச்சாகவே வந்தன. "யாராவது அணைப்பாவ."

"யாரு?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நான். முழிச்சிட்டுத்தானே இருக்கேன்."

எழுந்துபோய்ச் செவிலியரைக் கூட்டிவந்தேன். அவர் ஏதோ பொத்தானை அழுத்தி அதை நிறுத்திவிட்டுப் போனார். திரும்பிப் பார்த்தபோது அக்காவின் தலை தலையணைக்குள் இறங்கியிருந்தது. வாய் கொஞ்சம் திறந்து, கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, ரஹீம் பாய் கெட்டார் போங்கள், அப்படி ஒரு குறட்டை. பார்வதி வரும்வரை நான் அவர் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பின் போன பிற்பகல்களிலெல்லாம் அதுதான் என் வேலை. வாசலில் என்னைக் கண்டதுமே, "முழிச்சிருப்பியளா?" என்பார். ம் என்றால் கண்ணை மூடிவிடுவார்.

தூக்கத்திலேயே போனார் என்று பார்வதி எழுதியபோது, அந்தச் சொல்லைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

காரியங்கள் முடிந்தபின் ஒரு ஞாயிறு, நம் எல்லோரையும் பார்வதி சாப்பிடக் கூப்பிட்டார். அக்காவுக்காக வாசிக்க முடியுமா என்று என்னிடம் கேட்டார். வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். அதே முன்னறை. யாரும் சொல்லாமலே சோபாவை ஓரம் தள்ளினோம். மர நாற்காலி அதன் இடத்தில் இருந்தது. யாரும் அதில் உட்காரவில்லை.

வீணையை மடியில் வைத்துக்கொண்டேன். இடது கையைத் தந்திமேல் வைக்கப் போய், வைக்காமல், உள்ளங்கை மேலே பார்க்க மடியில் போட்டேன். பார்வதி அதை மௌன அஞ்சலி என்று நினைத்துத் தலைகுனிந்தார். அப்போது உள்ளே குக்கர் விசிலடித்தது.

பார்வதி பதறி எழப்போனார். அதற்குள் வாசலோரம் உட்கார்ந்திருந்த ரஹீம் பாய் எழுந்துவிட்டார். உள்ளங்கையைத் தாழ்த்தி, உட்காருங்கள் என்று அவருக்குச் சைகை காட்டினார்.

"அனைப்பாவா," என்றார் மெதுவாக.

தன் ஊர்ச் சொல்லை அந்த வாயிலிருந்து கேட்ட பார்வதி அப்படியே உட்கார்ந்துவிட்டார். எங்களைச் சுற்றிப் பார்த்தார். நாங்கள் அழுகையும் சிரிப்புமாக இருந்தோம். ரஹீம் பாய் சமையலறைக்குப் போனார். திருகு 'டக்' என்று திரும்பும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தார். நான் கல்யாணியைத் தொடங்கினேன்.

இப்போது ஞாயிறுகளில் நாற்காலியில் முறைவைத்து உட்காருகிறோம். முழித்திருப்பவர் மாறிக்கொண்டே இருக்கிறார். அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது என்ன என்று கேட்டால், இந்த இடது கையைத்தான் காட்டுவேன். முழுதாகக் குணமான கை என்று சொல்ல மாட்டேன், சில நாள் இன்னும் சுருள்கிறது. மடியில் போட்டால் சும்மா கிடக்கிறது.